விலைப்பட்டியலை மின்நூலாக்கும் முறை



திருநள்ளாறு, நெடுங்காடு சில்லறைக் கடைகளுக்கு அனுப்பும் பொருட்டு, முன்பு தட்டச்சு செய்த விலைப்பட்டியலைப் புதிய கணினியில் திறந்தேன். விலைகள் சரியாக இருந்தன. சரக்குகளின் பெயர்கள் மட்டும் வெறும் குறிகளாகத் தெரிந்தன. கோப்பு கெடவில்லை. பழைய தமிழ் எழுத்துருக்கள் பிற எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடத்தில் தமிழை அமைத்து, எண்களை அப்படியே விட்டன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் தெரியாது. தமிழ்நாடு அரசு 1999-இல் டாம், டாப் தரங்களை அறிவித்து, 2010-இல் ஒருங்குறியை, அதாவது யூனிகோடை, ஏற்றது. நாமும் அதற்கு மாறுவதே வழி.

1. மூலக் கோப்பின் நகலைத் தனியே வைத்துக்கொள்க.

2. எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொண்டு, என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்னும் இலவச மென்பொருளால் ஒருங்குறிக்கு மாற்றுக.

3. மாற்றியபின் கொள்ளு, கோதுமை, சோம்பு போன்ற பெயர்களைச் சரிபார்க்க. கொம்பும் காலும் உள்ள எழுத்துகளே பெரும்பாலும் பிசகும்.

4. மின்நூலாக்க 'காலிபர்' மென்பொருள் இலவசம். நிறுவும்போது பிழைச் செய்தி வந்தால் மூடிவிடாமல் எழுதிக்கொள்க. 2022-இல் வந்த 6-ஆம் பதிப்பு முதல் அது 32 பிட் கணினியில் ஏறாது. அதற்கு 5-ஆம் பதிப்பே பொருந்தும். எத்தனை பிட் என்பதை விண்டோஸின் 'சிஸ்டம்' பகுதியில் காணலாம்.

5. வேர்டு கோப்பைக் காலிபரில் சேர்த்து ஈபப் வடிவுக்கு மாற்றுக. கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம்.

எடை போடுமுன் தராசு முள்ளைப் பார்க்கிறோம். பட்டியலை அனுப்புமுன் மூலத்தோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். பெயர் மாறினால் சரக்கு மாறும். சரக்கு மாறினால் வாடிக்கை போகும்.