இரண்டாம் தந்தியில் நான்கு சுரங்கள்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. எந்நேரமும் மெட்டாலிகா, பிளாக் சபாத், டீப் பர்ப்பிள்தான். எலெக்ட்ரிக் கிட்டாரும் வாசிக்கிறான். நான் 20 வருடமாகத் தேவாலயப் பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடுகிறவள்; பாக், ஹாண்டெல் என்றால் எனக்கு உயிர். அவனும் கேட்க வேண்டும் என்ற ஆசையில் மொசார்ட்டின் 21ஆம் பியானோ கன்சர்ட்டோவின் நடுப்பகுதியைப் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிடம் கேட்டான். "அம்மா, இது ஹோட்டல் லாபியில ஓடுற மியூசிக்மா" என்று எழுந்து போய்விட்டான். மனசு கஷ்டமாக இருக்கிறது. இவனுக்குக் கிளாசிக்கலை எப்படித்தான் அறிமுகப்படுத்துவது?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் மகன் சொன்னதில் தப்பில்லை. அந்த மாதிரி இசை அவன் காதில் முதலில் விழுந்ததே ஏதாவது லாபியிலோ லிஃப்ட்டிலோதான் இருக்கும். யாரும் கேட்காமல், பேச்சுக்குப் பின்னால் சத்தம் குறைத்து ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றாகவே அவனுக்கு அது பழக்கம். அது மொசார்ட்டின் குற்றமல்ல. ஆனால் ராக் ரசிகன் உள்ளே நுழைவதற்கான வாசல் அது இல்லை.

இந்தப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது, பாட்டு இல்லாத இசை பிடிக்காது, நீளமாக இருந்தால் ஓடிவிடுவார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மெட்டாலிகாவின் 1986ஆம் வருட 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்தில் 'ஓரியன்' என்று ஒன்று இருக்கிறது. எட்டு நிமிடத்துக்கு மேல் போகும். ஒரு வார்த்தை பாட்டு கிடையாது. நடுவில் வேகம் தணிந்து, பேஸ் தனியாகப் பேசி, மறுபடி எழும். உங்கள் மகனுக்கு அது மனப்பாடமாகவே இருக்கும். அதில் பேஸ் வாசித்த கிளிஃப் பர்ட்டன், பாக் மீது பெரிய ஈடுபாடு கொண்டவர். முதல் வேலையாக நீங்கள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அதை முழுசாகக் கேளுங்கள். உபசாரத்துக்குக் கேட்காதீர்கள். ஆல்ட்டோ பாடிப் பழகிய காதுக்கு, இரண்டு கிட்டார்கள் ஜோடியாக நகரும் இடங்கள் உடனே பிடிபடும். அதைப் பற்றி அவனிடம் கேளுங்கள், அவன் சொல்லட்டும். அவன் இசையை நீங்கள் மதிக்கிறீர்கள் என்று தெரிந்த பிறகுதான் உங்களுடையது அவன் காதில் ஏறும்.

அடுத்து, சிம்ஃபொனியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நான் செய்த தவறு அது. என்னிடம் வந்த ஒரு டிரம்மர் பையனுக்கு முதல் நாளே பீத்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபொனியை முழுவதுமாகப் போட்டேன், ஒரு மணி நேரத்துக்கு மேல். அடுத்த வாரம் அவன் வரவில்லை. இன்றும் எனக்கு அது வருத்தம்தான்.

நான்கு பேர் வாசிக்கும் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டிலிருந்து தொடங்குங்கள். குவார்ட்டெட் என்பது ஒரு பேண்ட். கண்டக்டர் இல்லை. ஒருவர் மூச்சை ஒருவர் பார்த்துத்தான் வாசிக்கிறார்கள். அதிலும் நான் முதலில் கையில் கொடுப்பது ஷோஸ்டகோவிச்சின் எட்டாம் குவார்ட்டெட். 1960 ஜூலையில், டிரெஸ்டன் நகருக்குப் பக்கத்தில் மூன்றே நாளில் எழுதியது. போரில் குண்டு விழுந்து அழிந்த அந்த நகரைப் பற்றிய படத்துக்கு இசையமைக்கத்தான் அங்கே போயிருந்தார்; எழுதி முடித்தது இதை. பாசிசத்துக்கும் போருக்கும் பலியானவர்களுக்கு என்று முதல் பக்கத்தில் போட்டார். ஆனால், தான் செத்தால் தனக்காக யாரும் இப்படி எழுத மாட்டார்கள் என்று தோன்றித் தானே எழுதிக்கொண்டதாக ஒரு நண்பருக்குக் கடிதமும் எழுதினார். கம்யூனிஸ்ட் கட்சியில் சேரும்படி அவர் நெருக்கப்பட்டிருந்த காலம் அது.

ஐந்து பகுதிகள், இடைவெளியே இல்லாமல் ஓடும், மொத்தம் 20 நிமிடம் போல. முதல் நாள் இரண்டாம் பகுதியை மட்டும் போடுங்கள். மூன்று நிமிடம்கூட வராது. ஒரு கல்லூரி மாணவன், பேஸ் வாசிப்பவன், என் அறையில் இதை முதன்முதலாகக் கேட்டபோது நாற்காலியை ஸ்பீக்கர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். முடிந்ததும் கேட்டான்: "சார், இதுக்கு ஆம்ப் போட்டிருக்காங்களா?" ஆம்ப் எதுவும் இல்லை. நான் செல்லோவை எடுத்து, வில்லை பிரிட்ஜுக்குப் பக்கமாகக் கொண்டுபோய் அழுத்தி இழுத்துக் காட்டினேன். சுரம் சுத்தமாக வராமல் கரகரத்தது. வில்லிலிருந்து ரோசின் தூள் பறந்தது, ஒரு மயிரிழை அறுந்து தொங்கியது. "டிஸ்டார்ஷன்!" என்றான். ஆமாம், கையால் செய்கிற டிஸ்டார்ஷன். ஆகவே, ஆடியோவை மட்டும் போடாமல், வாசிப்பதைக் காட்டும் வீடியோவாகப் பார்த்துப் போடுங்கள். ராக் ரசிகன் கைகளைப் பார்த்துப் பழகியவன்.

பிறகு அவனைக் கிட்டாரை எடுக்கச் சொல்லுங்கள். சாதாரண ட்யூனிங்கில் இரண்டாம் தந்தி: மூன்றாம் ஃப்ரெட், நான்காம் ஃப்ரெட், முதல் ஃப்ரெட், அப்புறம் திறந்த தந்தி. டி, இ ஃப்ளாட், சி, பி. ஜெர்மன் வழக்கில் இ ஃப்ளாட்டுக்கு எஸ் என்றும், பி சுரத்துக்கு ஹெச் என்றும் பெயர். ஆக டி, எஸ், சி, ஹெச். டிமித்ரி ஷோஸ்டகோவிச் என்பதை ஜெர்மனில் எழுதினால் தொடக்க எழுத்துகள் அவைதான். தன் கையெழுத்தையே ரிஃப் ஆக்கி வைத்திருக்கிறார் மனிதர். குவார்ட்டெட்டின் முதல் நான்கு சுரங்களும் அவைதான். செல்லோ அடியில் மெதுவாகச் சொல்ல, மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். இதை விரலால் வாசித்துவிட்டவனுக்குக் குவார்ட்டெட் முழுவதையும் பின்தொடரக் கையில் ஒரு நூல் கிடைத்துவிடும்.

இரண்டாவது முறை தொடக்கத்திலிருந்தே போடுங்கள். முதல் பகுதி மிக மெதுவானது, மிகச் சன்னமானது. உண்மையான சிரமம் இங்கேதான். ராக் ஒலிப்பதிவில் மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் சத்தத்தில் அவ்வளவு வித்தியாசம் இருக்காது. பஸ்ஸில் இயர்போன் போட்டாலும் எல்லாம் கேட்கும்படி இறுக்கிக் கொடுத்திருப்பார்கள். இங்கே அப்படி இல்லை. மெல்லிய இடத்தில் வால்யூமைக் கூட்டுவான், அடுத்த நொடி காது பிளக்கும், எரிச்சல்தான் மிஞ்சும். அதனால் இரவு சாப்பாடு முடிந்து, தெரு அடங்கிய பிறகு வையுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் கஷ்டம்தான், ஆனாலும் 20 நிமிடம் நிறுத்துங்கள். நம் வீடுகளில் கிளாசிக்கலைக் கெடுப்பதில் பாதிப் பங்கு சீலிங் ஃபேனுக்கு உண்டு. முதல் பகுதியின் கடைசிச் சுரங்கள் அந்த இரைச்சலில் அப்படியே காணாமல் போய்விடும். அவை காதில் இருக்கும்போது இரண்டாம் பகுதி வந்து விழ வேண்டும். தனியாகக் கேட்டபோது இருந்ததைவிட எத்தனை மடங்கு பலமாக விழுகிறது என்று அவனே சொல்வான்.

மற்றவை அவன் ரசனையைப் பொறுத்து. பிளாக் சபாத் பிடிக்கும் என்கிறீர்கள். அவர்களுடைய முதல் ஆல்பத்தின் (1970) முதல் பாட்டில் வரும் அந்தக் கனத்த ரிஃப், பேஸ் வாசித்த கீஸர் பட்லர் ஹோல்ஸ்டின் 'மார்ஸ்' இசையில் மூழ்கிக் கிடந்த நாட்களில் பிறந்தது. 'மார்ஸ்' ஏழு நிமிடம் போல. ஐந்து ஐந்தாக எண்ணிக்கை. தொடக்கத்தில் வயலின்காரர்கள் வில்லைத் திருப்பிக் கட்டையால் தந்தியைத் தட்டுவார்கள். ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' இன்னொரு நல்ல வாசல். 1913 மே 29ஆம் தேதி பாரிஸில் அரங்கமே அமளியான இசை. தொடங்கி மூன்று, மூன்றரை நிமிடத்தில் ஒரே கோர்ட்டைத் தந்தி வாத்தியங்கள் இடிக்க, எட்டு ஹார்ன்கள் எதிர்பாராத இடங்களில் குத்தும் பகுதி வரும், அதிலிருந்து போடுங்கள்.

ராக் பாட்டுக்குப் பின்னால் ஆர்கெஸ்ட்ராவைச் சேர்த்துக் கொடுக்கும் ஆல்பங்களைப் பாலமாக நினைத்து வாங்காதீர்கள். பெரும்பாலானவற்றில் வயலின்கள் சும்மா மெத்தை விரித்துக்கொண்டிருக்கும். பையன் தனக்குத் தெரிந்த பாட்டைத்தான் மறுபடி கேட்பான். ஒன்றுக்கு மட்டும் விலக்கு: டீப் பர்ப்பிளின் ஜான் லார்ட் எழுதி, 1969 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராயல் ஃபில்ஹார்மனிக் ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்த கன்சர்ட்டோ. நடத்தியவர் மால்கம் அர்னால்ட். அங்கங்கே தையல் தெரியும். ஆனால் ஆர்கெஸ்ட்ராவும் பேண்டும் அதில் நேருக்கு நேர் நின்று சண்டை போடுகின்றன. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

"இவர் வேற என்ன எழுதியிருக்கார்?" என்று அவன் கேட்கும் நாளில் ஷோஸ்டகோவிச்சின் பத்தாம் சிம்ஃபொனியைக் கொடுங்கள், 1953ஆம் வருடத்தது. அதன் இரண்டாம் பகுதி நான்கு நிமிடம் போலத்தான், மூச்சுவிட விடாது. முழுவதையும் கேட்கும் துணிவு வந்துவிட்டால் மூன்றாம் பகுதியில் அந்த இரண்டாம் தந்திச் சுரங்கள் நான்கும் தலைகாட்டும். கடைசிப் பகுதி முடியும் இடத்தில் டிம்பனி அவற்றையே போட்டு அடிக்கும். இதை மட்டும் முன்கூட்டி அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.