காட்டுப் பூவரசும் அதன் மலைக்காடும்

வேலப்பன்சாவடிப் பக்கத்து நிலக்காரர் சிலர், நீலகிரிக்கோ இலங்கைக்கோ சென்று திரும்பியபின், அங்குச் செக்கச்செவேலெனப் பூத்து நிற்கும் காட்டுப் பூவரசை நம் தோட்டத்தில் வைக்கலாமா என்று வினவுகின்றனர். வைத்தல் பணவிரயமேயாம். ஏனெனில் அம்மரத்தை அதன் இடத்தினின்றும் பிரித்தல் இயலாது.

பெயர் ஒன்றாயினும் நம் ஏரிக்கரைப் பூவரசுக்கும் இதற்கும் உறவில்லை. நம்முடையது பருத்திக் குடும்பத்தது. இதுவோ ரோடோடென்ட்ரான் என்னும் இனம். இதன் வகைகள் இமயமலையிலும் நீலகிரி, பழனி மலைகளிலும் உள. இலங்கை நடுமலையில் காண்பது அத்தீவுக்கே உரிய உள்வகை. சிங்களவர் மகா ரத்மல் என்பர்.

நுவரேலியாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள ஹோட்டன் சமவெளியில், புல்வெளியும் காடும் கூடும் ஓரத்தே இது முறுக்குண்டு வளர்கின்றது. தடித்து வெடித்த பட்டை புல்லில் பற்றும் தீயைத் தாங்கும். இலையின் மேற்புறம் சுருக்கமுடையது. அடிப்புறம் உரோமம் போர்த்தது. மண் புளிப்புத்தன்மை மிக்கது. தை, மாசியில் சில இரவுகள் உறைபனியும் விழும். தூளினும் நுண்ணிய விதை, ஈரப்பாசியின்மேல் வெளிச்சத்தில் முளைக்கும். வேரோடு கூடி வாழும் பூஞ்சணமே அவ்வேழை மண்ணினின்றும் உணவை எடுத்துத் தருகின்றது. நம் சித்திரை வெயிலுக்கும், கிணற்று உப்புநீருக்கும் இவற்றுள் எது நிற்கும்? இளந்தழை கால்நடைக்கு நஞ்சு என்பதையும் மாடு வைத்திருப்போர் கருதுக.

அக்காட்டின் பயன் பூவன்று, நீரே. பாசி படர்ந்த குறுமரங்கள் மேகத்தின் ஈரத்தைப் பிடித்துச் சொட்டச் செய்கின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆற்றுக்கும் அங்குத் தலையூற்று உண்டு. 5,000 அடிக்கு மேற்பட்ட காட்டை அழிக்கலாகாதென்று தாவரநூல் வல்லார் ஜோசப் ஹூக்கர் 1873-இலேயே கூறினார். ஆயினும் 1960-களில் அச்சமவெளியில் உருளைக்கிழங்கு பயிரிட்டனர். பின்னர்க் கைவிட்ட அந்நிலத்தில் காடு எளிதில் மீளவில்லை, புல்லே மூடிக்கொண்டது. 1970-களின் பிற்பகுதி முதல், அடுத்துள்ள காட்டிலும் பல மரங்கள் நுனியிலிருந்து பட்டுவருகின்றன. 1988-இல் அச்சமவெளி தேசியப் பூங்காவாயிற்று. 2010-இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது.

சிவப்புப் பூவே வேண்டுவோர் செம்பருத்தி நடுக. வரப்புக்கும் வாய்க்கால் கரைக்கும் நம் பூவரசே போதும். ஐப்பசி மழையில் போத்து வெட்டி நட்டால் வேர் பிடிக்கும். தழை வயலுக்கு உரமாம்.