கேழ்வரகை விற்குமுன் வீட்டுக்கு எடுத்து வையுங்கள்

வயதான பெண்கள் வாசற்படியில் தடுக்கி விழுந்தாலே இடுப்பெலும்பு முறிந்துவிடுவதுண்டு. விழுந்தது மட்டும் காரணமல்ல. கரையான் அரித்த மரம்போல எலும்பு உள்ளே மெலிந்திருப்பதே காரணம். முறிவு ஏற்படும்வரை இந்நோய் பெரும்பாலும் வெளியில் தெரியாது.

பரம்பரையும் உணவும்

பயிருக்கு ரகம் எப்படியோ, எலும்புக்குப் பரம்பரை அப்படி. எலும்பின் அடர்த்தி ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் பாதிக்கு மேல் பரம்பரையால் வருவது என்று இரட்டையர்களிடம் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. தாய்க்கோ தந்தைக்கோ இடுப்பெலும்பு முறிந்திருந்தால் பிள்ளைகள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

ஆனால் நல்ல ரகமும் எருவின்றி விளையாது. எலும்புக்கு எரு சுண்ணாம்புச்சத்து. சுமார் 30 வயதுவரை எலும்பு வலுவைச் சேமிக்கிறது. பிறகு மெல்லக் குறைகிறது. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்குச் சில ஆண்டுகள் வேகமாகக் குறைகிறது. எனவே வளரும் பெண் குழந்தைகளின் உணவே முக்கியம்.

எதில் எவ்வளவு?

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் தேவை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200. நூறு கிராம் அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. அதே அளவு கேழ்வரகில் சுமார் 360 உள்ளது. கேழ்வரகு 100 கிராம், பால் ஒரு டம்ளர், முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி, எள்ளுருண்டை ஒன்று ஆகியவை சேர்ந்தால் தேவையில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டபின் உலர்த்தி அரைக்கவும். சத்தைப் பிடித்துவைக்கும் பொருள் இதனால் குறையும். உடலில் சத்து நன்கு சேரும்.

வெயிலும் உழைப்பும்

சுண்ணாம்புச்சத்து உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். வெயில் தோலில் பட்டால் அது உண்டாகிறது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் முதியோர் தினமும் சிறிது நேரம் வெயிலில் நடப்பது நல்லது. பீடியும் மதுவும் எலும்பைக் கெடுக்கும். ஒருமுறை எலும்பு முறிந்தவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரின் ஆலோசனையைப் பெற வேண்டும்.

எவ்வளவு நிலம் வேண்டும்?

ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்கு அரை கிலோ வீதம் ஆண்டுக்குச் சுமார் 180 கிலோ கேழ்வரகு தேவை. ஏக்கருக்கு 800 கிலோ விளையும் மானாவாரி நிலத்தில் 23 சென்ட் போதும். வரப்பில் இரண்டு முருங்கை நட்டால் கீரைக்கும் குறைவிருக்காது. களத்துமேட்டில் வியாபாரிக்கு அளக்குமுன் இந்த 180 கிலோவை வீட்டுக்கு ஒதுக்குங்கள். பரம்பரையை மாற்ற முடியாது. குதிரில் வைப்பதை மாற்றலாம்.