பழைய போனைக் கொடுக்க முன்னம்

இங்கே பிரித்தானியாவில் புதுப் போன் வாங்கும்போது பழையதைக் கொடுத்தால் விலையில் கொஞ்சம் கழிப்பார்கள். கையில் காசு குறைவான நேரத்தில் அது உதவிதான். ஆனால் உங்களுடைய போனுக்குள் என்ன கிடக்கிறது என்று ஒருக்கா யோசியுங்கள். ஊரில் இருக்கிற உறவுகளின் நம்பர்கள், வந்த மிரட்டல் செய்திகள், காயங்களின் படங்கள், வீட்டிலிருந்து அனுப்பிய பத்திரங்களின் பிரதிகள். இவை உங்கள் அகதி வழக்குக்குச் சாட்சியங்கள். பிறர் கையில் அகப்பட்டால் ஊரில் உள்ளவர்களுக்கு ஆபத்து. அழிந்து போனால் உங்களுக்கு நட்டம்.

ஆகவே முதல் வேலை அழிப்பதல்ல, எடுத்து வைப்பது. போனைக் கொடுக்கப் போவதாக உங்கள் சொலிசிற்றரிடம் முதலில் சொல்லுங்கள். "படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பிப் போட்டன்தானே, காணாதா?" என்று கேட்பீர்கள். காணாது. அப்படி அனுப்பும்போது படம் சுருங்கிவிடும். எடுத்த திகதி, நேரம், இடம் என்று அதற்குள் பதிந்திருக்கும் விபரமும் போய்விடும். வயர் போட்டுக் கணினிக்கோ யூஎஸ்பி குச்சிக்கோ மூலப் படத்தையே பிரதி எடுங்கள். மிரட்டல் செய்திகளை, அனுப்பியவரின் நம்பரும் திகதியும் தெரியத்தக்கதாக எடுத்து வையுங்கள். வட்ஸ்அப்பில் 'எக்ஸ்போர்ட் சட்' என்பதை அழுத்தினால் உரையாடலைக் கோப்பாக எடுக்கலாம். குரல் பதிவுகளும் வேண்டுமென்றால் மீடியாவுடன் சேர்த்து எடுக்க வேண்டும். பிறகு அவற்றை வேறொரு கருவியில் திறந்து பாருங்கள். ஒரு குரல் பதிவையாவது போட்டுக் கேளுங்கள்.

நம்பரை மாற்றாதீர்கள். உள்துறை அமைச்சிடமும் சொலிசிற்றரிடமும் நீங்கள் கொடுத்தது அந்த நம்பர்தான். சிம்மைக் கழற்றிப் புதுப் போனில் போட்டு, வட்ஸ்அப்பும் மின்னஞ்சலும் அதில் வேலை செய்யுதா என்று பாருங்கள். மெமரி கார்ட் இருந்தால் அதையும் கழற்றி நீங்களே வைத்திருங்கள்.

இனி அழிக்கலாம். ஐபோனில் படங்களையும் நம்பர்களையும் ஒவ்வொன்றாக அழிக்க வேண்டாம். ஐகிளவுட்டில் இணைந்திருந்தால் அங்கே உள்ளதும் சேர்ந்து அழியும். புதுப் போனிலும் காணாமற் போகும். செட்டிங்ஸின் மேலே உங்கள் பெயரை அழுத்தி 'சைன் அவுட்' செய்யுங்கள். பிறகு ஜெனரல் பகுதியின் அடியில் உள்ள ரீசெட் பகுதிக்குப் போய் 'எரேஸ் ஓல் கன்டென்ட் அன்ட் செட்டிங்ஸ்' கொடுங்கள். அன்ட்ரொயிட் என்றால் கூகிள் கணக்கை நீக்கிவிட்டு (சாம்சுங் போனில் சாம்சுங் கணக்கையும்) 'ஃபக்டரி டேட்டா ரீசெட்' செய்யுங்கள். கணக்கை நீக்க மறந்தால் அந்தப் போன் அடுத்தவருக்குத் திறக்காது. கடைக்காரர் போன் பண்ணிப் பாஸ்வேர்ட் கேட்டால் சொல்லிப் போடாதீர்கள். உங்கள் கணக்குக்குள் போய் அந்தப் போனை நீங்களே நீக்கலாம்.

அழித்து முடிந்ததும் போன், புதிதாக வாங்கியது போல மொழியைத் தெரிவு செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். பழைய படம் ஏதும் தெரிந்தால் அது இன்னும் அழியவில்லை.

2015க்கு முன் வந்த அன்ட்ரொயிட் போன்கள் பலவற்றில் ரீசெட் செய்தாலும் உள்ளே இருந்ததைத் திரும்ப எடுக்க இடமுண்டு. திரை உடைந்து, அழிக்கவே முடியாத போனும் அப்படித்தான். திரை செத்தாலும் உள்ளே எல்லாம் உயிரோடு இருக்கும். அப்படியானவற்றுக்குக் கிடைக்கிற காசும் சொற்பம். வழக்கு முடியும் வரை அது உங்கள் பெட்டிக்குள்ளேயே கிடக்கட்டும்.