எல்லை கடக்கும் கைப்பேசி

விமானம் டோக்கியோவில் தரையிறங்குகிறது. தில்லியிலிருந்து சென்ற பயணி தம் கைப்பேசியை இயக்குகிறார். அது முதலில் அருகிலுள்ள கோபுரங்களைத் தேடுகிறது. கோபுரம் அருகில் இருந்தால் மட்டும் போதாது; கைப்பேசிக்கும் அயல்நாட்டு வலையமைப்புக்கும் மூன்று பொருத்தங்கள் அமைதல் வேண்டும்.

முதலாவது, முறைப் பொருத்தம். இருவர் உரையாட ஒரு பொதுமொழி தேவை, கருவிகளுக்கும் அவ்வாறே. 1991ஆம் ஆண்டு பின்லாந்தில் ஜி.எஸ்.எம். முறையில் முதல் அழைப்பு நிகழ்ந்தது. 1995இல் இந்தியாவும் அம்முறையைக் கைக்கொண்டது. ஜப்பானோ அக்காலத்தில் பி.டி.சி. என்னும் வேறு முறையைப் பின்பற்றியது. ஆதலால், அன்றைய இந்தியக் கைப்பேசி அங்கே பயன்படவில்லை. பின்னர் வந்த 3ஜி, 4ஜி முறைகளே இவ்விடைவெளியைக் குறைத்தன.

இரண்டாவது, அலைவரிசைப் பொருத்தம். ஜி.எஸ்.எம். முறைக்கு இந்தியாவும் ஐரோப்பாவும் 900, 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளைப் பயன்படுத்தின. அமெரிக்கா 850, 1900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளைப் பயன்படுத்தியது. மொழி ஒன்றே எனினும், ஒருவர் பேசுவது மற்றவர் செவிக்கு எட்டாத நிலை அது. நான்கு அலைவரிசைகளையும் ஏற்கும் கைப்பேசிகள் இக்குறையை நீக்கின.

மூன்றாவது, இசைவு. சிம் அட்டையில் பதிந்துள்ள அடையாள எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு 404, 405, ஜப்பானுக்கு 440. அயல்நாட்டு வலையமைப்பு அவ்வெண்ணைக் கண்டு, தாய்நாட்டு நிறுவனத்திடம் வினவுகிறது. இரு நிறுவனங்களுக்கிடையே உடன்பாடு இருந்து, பயணி ரோமிங் வசதியும் பெற்றிருந்தால் இணைப்புக் கிடைக்கும். உள்ளூர் சிம் அட்டை வாங்குதலும் ஒரு வழி. ஆனால், ஒரு நிறுவனத்துக்கெனப் பூட்டப்பட்ட கைப்பேசி பிற நிறுவனத்தின் அட்டையை ஏற்காது.

இணையம் வருவதால் அழைப்பும் செல்லும் என்று எண்ணுதல் கூடாது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022ஆம் ஆண்டில் 3ஜி சேவையை நிறுத்தின. அதன்பின் அழைப்புகள் பெரும்பாலும் 4ஜி வழியாகச் செல்ல வேண்டியதாயிற்று. அந்த வலையமைப்பில் 4ஜி வழியே குரலை அனுப்ப இயலாத வெளிநாட்டுக் கைப்பேசிகளில், இணையம் இயங்கினாலும் அழைப்புச் செல்லாது போகலாம். ஆபத்து நேரும்போதுதான் இக்குறை தெரியவருமாயின், உதவி கிட்டாது. ஆகவே, புறப்படுமுன் கைப்பேசியைச் சோதித்தறிதலும், செல்லும் நாட்டின் அவசர எண்ணை மனத்தில் இருத்துதலும் நன்று. இந்தியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 112, அமெரிக்காவில் 911. ஜப்பானில் காவல்துறைக்கு 110. தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்கும் 119.

சொற்பொருள்
அயல்நாடு – வெளிநாடு
இசைவு – சம்மதம்
இலக்கம் – எண்ணின் ஓர் உறுப்பு
கிட்டுதல் – கிடைத்தல்

பயிற்சி
அ. விடை எழுதுக.
1. கைப்பேசி வெளிநாட்டில் இயங்கத் தேவையான மூன்று பொருத்தங்கள் யாவை?
2. பழைய இந்தியக் கைப்பேசி ஜப்பானில் ஏன் பயன்படவில்லை?
3. இணையம் இயங்கியும் அழைப்புச் செல்லாமல் போவது எவ்வாறு?

ஆ. பிரித்து எழுதுக.
1. அவ்வெண் 2. இக்குறை 3. அம்முறை

இ. அமெரிக்கா செல்லவிருக்கும் மாமாவுக்கு, கைப்பேசி குறித்து அவர் அறிய வேண்டியவற்றை ஐந்து தொடர்களில் கடிதமாக எழுதுக.