குளிசை தொடங்கியதும் திரும்பும் காய்ச்சல்

எச்.ஐ.வி. சிகிச்சை தொடங்கிய முதல் மூன்று மாதங்களுக்குள், வைரசின் அளவு இறங்கிக்கொண்டிருக்கும்போதே சிலருக்குக் காய்ச்சல் திரும்பும், நெறி கட்டும், இருமல் கூடும். கிளினிக்குகளில் இதை ‘ஐரிஸ்’ என்பார்கள். குளிசை வைரசை அடக்கியதும் எதிர்ப்புச் சக்தி மீண்டு, உடம்பில் ஏற்கனவே இருந்த கிருமியின் மீது ஒரேயடியாகப் பாய்வதால் வரும் அழற்சி இது. சி.டி.4 எதிர்ப்பணுக்களின் எண்ணிக்கை 50க்குக் கீழே போனபின் சிகிச்சைக்கு வருவோருக்கே ஆபத்து அதிகம்.

இந்தியாவிலும் இலங்கையிலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது காசநோயை. மறைந்திருந்த காசநோய் வெளிப்படலாம். மருந்தால் தணிந்துவந்த காசநோய் மறுபடி சீறவும் செய்யலாம். கழுத்தில் பாக்களவு இருந்த நெறி சில நாட்களில் தேசிக்காய் அளவாகும். தோல் சிவந்து மினுங்கும். சீழ் வைத்தால் ஊசியால் உறிஞ்சி எடுக்க வேண்டிவரும். அக்கியும் இக்காலத்தில் வருவதுண்டு.

ஐரிசுக்குப் பயந்து எச்.ஐ.வி. மருந்தைத் தள்ளிப்போடுவது சரியான கணக்கல்ல. 2011இல் வெளியான கம்போடிய ஆய்வில், காசநோய் மருந்து தொடங்கி இரண்டு வாரத்தில் எச்.ஐ.வி. மருந்தும் பெற்றோரில் 18 சதவீதத்தினர் இறந்தனர். எட்டு வாரம் காத்திருந்தவர்களில் 27 சதவீதத்தினர். ஐரிஸ் முதல் குழுவிலேயே அதிகம். இருந்தும் உயிர் பிழைத்தவர்களும் அங்கேதான் அதிகம். மூளை உறையில் நோய் இருந்தால் மட்டும் கதை வேறு. கிரிப்டோகொக்கஸ் பூஞ்சையால் வரும் மூளையுறை அழற்சியில் நான்கு முதல் ஆறு வாரம் பொறுப்பதே வழக்கம். மண்டையோட்டுக்குள் வீங்க இடமில்லை என்பதே காரணம்.

இலங்கையின் புத்தளம் மாவட்டத்து மதுரங்குளி போன்ற ஊர்களில் இன்னொரு சிக்கல். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்று புத்தளத்தைத் தவிர்த்து, சிலாபத்துக்கோ கொழும்புக்கோ பஸ் ஏறி மருந்தெடுப்போர் இருக்கலாம். காய்ச்சல் வந்தால் போவது பக்கத்து வைத்தியரிடம். அவருக்கு எச்.ஐ.வி. குளிசை பற்றியோ அது தொடங்கிய திகதி பற்றியோ தெரியாவிட்டால், சாதாரணக் காய்ச்சலென்று அன்ரிபயோட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவார். அந்தத் திகதிதான் நோயறிதலில் பாதி. ஊரில் சொல்ல முடியாதவர்கள் கிளினிக்குக்கே தொலைபேசியில் பேசலாம். தலையிடி, வாந்தி, பார்வை மங்கல், மூச்சுத்திணறல் இருந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக்கூடாது.

குளிசை ஒத்துக்கொள்ளவில்லை என்று தானாக நிறுத்துவதே பெரும் சேதம். உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, வைத்தியர்கள் எச்.ஐ.வி. மருந்து, காசநோய் மருந்து இரண்டையும் தொடரவே சொல்வார்கள். ஐரிஸ் என்று முடிவெடுக்குமுன், மருந்துக்கு அடங்காத காசநோயா, குளிசை தவறியதா, வேறு தொற்றா என்று பார்ப்பார்கள். ஐரிசை நேரடியாக உறுதிசெய்யும் தனிச் சோதனை இல்லை. இலேசானால் வலிமாத்திரை போதும், கடுமையானால் பிரெட்னிசோலோன். 2010இல் வெளியான தென்னாபிரிக்க ஆய்வில், இதன் இனமான பிரெட்னிசோனைக் கிலோவுக்கு 1.5 மில்லிகிராம் வீதம் இரண்டு வாரமும், பிறகு பாதியளவு இரண்டு வாரமும் கொடுத்ததில் வைத்தியசாலையில் கிடக்கும் நாட்கள் குறைந்தன. ஃபார்மசியில் தானாக வாங்கி விழுங்கும் மருந்தல்ல இது: கப்போசி சார்க்கோமா என்ற புற்றுநோய் இருந்தால் அதை முற்றவைக்கும், மருந்தெதிர்ப்புக் காசநோயையும் மறைத்துவிடும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வீக்கம் வற்றும். நெறி மட்டும் மாதக்கணக்கில் இழுப்பதுண்டு.