கணனியின் பின்புறச் சுவிச்: அறிந்து கையாள்வோம்



எங்கள் கிராம வள நிலையத்துக்குக் கனடாவில் உள்ள உறவினர் ஒருவர் தாம் பாவித்த கணனி ஒன்றை அனுப்பிவைத்தார். பெட்டியைப் பிரித்து மேசையில் வைத்தபோது பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். பிளக்கைக் கொழுவிச் சுவிச்சைப் போட்டதுதான் தாமதம், வெடிச் சத்தம் ஒன்று கேட்டது. அப்படியான சத்தங்களுக்குப் பழகிய சனங்கள் நாங்கள். பெரியவர்கள் எல்லோரும் ஒரே கணத்தில் நிலத்தில் குந்திவிட்டோம். நிமிர்ந்து பார்த்தபோது கணனியின் பின்புறத்தில் புகை வந்துகொண்டிருந்தது.

ஒருவருக்கும் காயமில்லை. அனுப்பியவர் மீதும் பிழையில்லை. பின்புறத்தில் இருந்த ஒரு சிறிய சிவப்புச் சுவிச்சைப் பாராமல் மின்சாரத்தைக் கொடுத்த எங்கள் மீதே பிழை. அன்று நாம் கற்றதை இந்தப் பாடத்தில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

இன்று மாதர் சங்கத்தின் சேமிப்புக் கணக்கு, விதைநெல் கடன் விபரம், பிள்ளைகளின் பாடம் எல்லாம் கணனியில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் மேலாக, இடம்பெயர்ந்த குடும்பங்கள் பாதுகாத்துக் கொண்டுவந்த காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளும் அதில் இருக்கின்றன. ஒரு தரம் இழந்தவற்றைத் தேடி அலைந்த எமக்கு அவற்றின் பெறுமதி தெரியும்.

1. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று

மேசைக் கணனியில் சுவரிலிருந்து வரும் வயர் போய்ச் சேரும் இரும்புப் பெட்டியே மின்வழங்கி. சுவரில் வரும் 230 வோல்ற்று மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ற்று எனக் குறைத்து உள்ளே கொடுப்பது அதன் வேலை. அதன் பின்புறத்தில் ஒரு சுவிச் இருக்கும். அதில் நேர்க்கோடு உள்ள பக்கத்தை அழுத்தினால் மின்சாரம் போகும். வட்டம் உள்ள பக்கத்தை அழுத்தினால் நிற்கும்.

கணனியின் முன்பக்கத்தில் உள்ள பொத்தான் வேறு. பழைய கணனிகளில் முன்பக்கச் சுவிச்சே மின்சாரத்தை நேரடியாக வெட்டியது. 1995 இல் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட ஏ.ரி.எக்ஸ் என்ற அமைப்பு வந்தபின் முன்பொத்தான் செய்தி சொல்லும் வேலையை மட்டுமே செய்கிறது.

குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பொத்தான், தண்ணீர் திறக்கச் சொல்லி ஆளனுப்புவது போன்றது. பின்சுவிச்தான் துருசு. ஆளனுப்பித் தண்ணீரை நிறுத்தினாலும் துருசில் சிறு கசிவு இருக்கும். அதேபோல, கணனி நின்று திரை கறுத்த பின்பும் உள்ளே 5 வோல்ற்று மின்சாரம் காத்துக்கொண்டிருக்கும். மின்வழங்கிக்குள் 230 வோல்ற்றும் நிற்கும். திரை கறுத்துவிட்டது என்பதால் மின்சாரம் இல்லை என்று எண்ணக்கூடாது.

2. சிவப்புச் சுவிச்

பழைய மின்வழங்கிகள் பலவற்றில் 115, 230 என்று இலக்கமிட்ட ஒரு சிறிய சிவப்புச் சுவிச் உண்டு. கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று. அங்கே அது 115 இல் இருக்கும். இலங்கையில் அது 230 இல் இருக்க வேண்டும்.

115 இல் வைத்து எமது மின்சாரத்தைக் கொடுத்தால், உள்ளே உள்ள சுற்று அதனை ஏறக்குறைய 650 வோல்ற்றாக உயர்த்திவிடும். அங்குள்ள கொள்ளளவிகள் இரண்டும் சேர்ந்து தாங்கக்கூடியது ஏறத்தாழ 400 வோல்ற்றுத்தான். எங்கள் நிலையத்தில் வெடித்தவை அவைதான்.

எனவே வெளிநாட்டிலிருந்து வந்த கணனியைப் பிளக்கில் கொழுவுமுன் பின்புறத்தைப் பாருங்கள். சிவப்புச் சுவிச் இருந்தால், வயர் பூட்டாத நிலையில் அதை 230 க்கு மாற்றுங்கள். கணனி வேலைசெய்யும்போது அதைத் தொடவே வேண்டாம். சிவப்புச் சுவிச் இல்லாவிட்டால் ஒட்டப்பட்டுள்ள தாளை வாசியுங்கள். 100 முதல் 240 வரை என்று இருந்தால் எந்த நாட்டு மின்சாரத்துக்கும் பொருந்தும்.

3. போடும் ஒழுங்கு

முதலில் கையைத் துடைத்து உலர்த்துங்கள். ஈரநிலத்தில் வெறுங்காலோடு நிற்க வேண்டாம்.

அ. பின்சுவிச் வட்டத்தில் இருக்கட்டும்.
ஆ. வயரை முதலில் கணனியில் இறுகப் பூட்டுங்கள். பின்பு சுவரில் கொழுவுங்கள்.
இ. சுவர்ச் சுவிச்சைப் போடுங்கள்.
ஈ. பின்சுவிச்சை நேர்க்கோட்டுப் பக்கம் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். பாதியில் விடவோ தட்டி விளையாடவோ கூடாது.
உ. கடைசியாக முன்பொத்தானை அழுத்துங்கள்.

பின்சுவிச்சைப் போடும் கணத்தில் வெறுமையான கொள்ளளவிகள் மின்சாரத்தை ஒரேயடியாக இழுக்கின்றன. அதனால் சில வேளைகளில் 'டிக்' என்ற சத்தமோ சிறு பொறியோ உண்டாகும். அந்த வேகத்தைத் தணிக்க உள்ளே ஒரு தடை உண்டு. அது ஆறியிருக்கும்போதே நன்றாகத் தடுக்கும், சூடேறினால் தடுக்காது. ஆகவே நிறுத்தியவுடன் திரும்பப் போடாமல் ஓரிரு நிமிடம் பொறுங்கள்.

4. நிறுத்தும் ஒழுங்கு

திரையில் உள்ள கட்டளையைக் கொடுத்துக் கணனியைத் தானாகவே நிற்க விடுங்கள். விசிறி நின்று விளக்கு அணைந்த பின்பே பின்சுவிச்சை வட்டத்துக்கு மாற்றுங்கள். பின்பு சுவர்ச் சுவிச்சை நிறுத்துங்கள். எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் பின்சுவிச்சை வெட்டினால் கோப்பு பழுதாகும். ஒரு வருடக் கணக்கு ஒரு நொடியில் போய்விடலாம்.

கணனி அசையாமல் நின்றுவிட்டால் முன்பொத்தானை நாலைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் மட்டுமே பின்சுவிச்சை நாடுங்கள்.

5. மின்வெட்டும் ஜெனரேற்றரும்

2022 மார்ச் மாத முடிவில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறக்கமாட்டோம். மின்சாரம் திடீரென நின்றால் உடனே பின்சுவிச்சை வட்டத்துக்கு மாற்றுங்கள். மின்சாரம் திரும்பி வரும் கணத்தில் அது ஏறி இறங்கக்கூடும். வந்து சில நிமிடம் சென்றபின் போடுங்கள்.

ஜெனரேற்றரில் வேலைசெய்வதானால் முதலில் அதை இயக்கி, அதன் ஓட்டம் சீரானபின் கணனியைப் போடுங்கள். ஜெனரேற்றரை நிறுத்துமுன் கணனியை நிறுத்துங்கள். யூ.பி.எஸ் பூட்டியிருந்தால், சுவர்ச் சுவிச்சை நிறுத்தினாலும் அதன் பற்றரி கணனிக்கு 230 வோல்ற்றைக் கொடுத்துக்கொண்டே இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

6. இடி மின்னல் வேளை

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரங்களில் இடி அதிகம். சுவிச்சை நிறுத்தினால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். சுவிச்சுக்குள் உள்ள இடைவெளி சில மில்லிமீற்றர் மட்டுமே. மின்னல் அதைத் தாண்டிப் பாயும். வானம் கறுக்கும்போதே கணனியை முறைப்படி நிறுத்தி, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். ரெலிபோன், இன்ரர்நெற் வயர்களையும் கழற்றுங்கள். இடி தொடங்கிய பின் வயர்களைத் தொடவேண்டாம்.

7. பெட்டியைத் தொட்டால் 'சுள்' என்கிறதா?

தற்காலிக வீடுகளில் மூன்று கம்பி வயரை இரண்டு கம்பியாக்கிப் பாவிப்பதைக் காண்கிறோம். இது ஆபத்து. மின்வழங்கியின் உள்ளே உள்ள சிறு கொள்ளளவிகள் வழியாக இரும்புப் பெட்டிக்குச் சிறிது மின்சாரம் வரும். எர்த் வயர் இருந்தால் அது நிலத்துக்குப் போய்விடும். இல்லாவிட்டால் பெட்டி 115 வோல்ற்றளவில் நிற்கும். அந்தச் சுளீர் சிறிதுதான். ஆனால் உள்ளே ஒரு கம்பி கழன்று பெட்டியில் முட்டினால் உயிரைப் பறிக்கும் மின்சாரம் அதே வழியில் வரும். 'சுள்' என்பது எச்சரிக்கை. தகுதியுள்ள மின்னியலாளரைக் கூப்பிட்டு எர்த்தையும் ட்ரிப் சுவிச்சையும் சரிபாருங்கள்.

8. மின்வழங்கியைத் திறக்க வேண்டாம்

பிளக்கைக் கழற்றிய பின்பும் கொள்ளளவிகளில் 300 வோல்ற்றுக்கு மேல் தேங்கி நிற்கலாம். துருசை மூடினாலும் வாய்க்காலில் தண்ணீர் நிற்பது போலத்தான் இதுவும். பழுதான மின்வழங்கியைத் திறந்து பார்க்காமல் புதியதை மாற்றுங்கள். எங்கள் கணனியும் அவ்வாறுதான் மீண்டது. மற்றப் பாகங்கள் தப்பியிருந்தன.

9. ஆபத்து நேர்ந்தால்

புகை வந்தால் கணனியின் பின்னால் கையை விடாதீர்கள். சுவர்ச் சுவிச்சை அல்லது மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றவேண்டாம். உலர்ந்த மணல் போடலாம். ஒருவரை மின்சாரம் தாக்கினால் அவரைத் தொடுமுன் மின்சாரத்தை நிறுத்துங்கள். முடியாவிட்டால் உலர்ந்த தடியால் வயரை விலக்குங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அறிவித்து அம்புலன்ஸ் வண்டியைக் கூப்பிடுங்கள்.

குழுவாகக் கலந்துரையாட:

அ. எமது நிலையக் கணனியின் பின்புறத்தில் என்ன எழுதியிருக்கிறது? போய்ப் பார்த்து எழுதி வாருங்கள்.
ஆ. மெயின் சுவிச் எங்கே இருக்கிறது? பிள்ளைகளுக்கும் தெரியுமா?
இ. காணிப் பத்திரங்களின் பிரதிகள் ஒரே கணனியில் மட்டும் இருக்கின்றனவா? இன்னொரு பிரதியை எங்கே, யாரிடம் வைக்கலாம்?

மூன்றாவது கேள்விக்கு இந்த மாதக் கூட்டத்திலேயே விடை காணுங்கள். ஒரு வீட்டை விட்டு ஓடி வந்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைக்கக்கூடாது.